முதல் போர்டுக்கு முன்னால் ஒரு மதில்: மின்சுற்றுப் பலகை மென்பொருளும் பேராக் தமிழ் மாணவர்களும்

பேராக் மாநிலத்துக்கு மின்னணுத் தொழில் புதிதல்ல. சில்லுகளை உறையிட்டுச் சோதித்து அனுப்பும் கார்செம் நிறுவனம் 1972இல் ஈப்போவில் தொடங்கியது. 1989இல் பதிவான யூனிசெம், சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் ஆலை அமைத்தது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடங்கின. ரப்பர்த் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புக்குப் போயின. சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங், பத்து காஜா பக்கத்து லயங்களை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்குத் தொழிற்சாலை ஷிஃப்டுதான் அடுத்த சம்பளம்.

அந்தத் தலைமுறை ஆப்பரேட்டராக நுழைந்தது. அவர்களில் சிலர் டெக்னீசியன் ஆனார்கள். இப்போது நாடு அதற்கு மேலே போகப் பார்க்கிறது. உலகில் நடக்கும் சில்லு உறையிடல், சோதனை வேலைகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது அரசே சொல்லும் கணக்கு. 2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசியச் செமிகண்டக்டர் வியூகம், 60,000 உள்நாட்டுப் பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. உறையிடுவதிலிருந்து வடிவமைப்புக்கு ஏறுவதே அதன் நோக்கம்.

அந்த ஏற்றத்தில் மாணவர் முதலில் மோதுவது சூத்திரத்தில் அல்ல, ஒரு மென்பொருளில்தான். மின்சுற்றுப் பலகையை, தொழிற்சாலை வழக்கில் சொன்னால் போர்டை, வரைவதற்கான லேஅவுட் மென்பொருள் அது. ஓம் விதி தெரிந்த, பற்றவைக்கத் தெரிந்த, பழுதான ரேடியோவைப் பிரித்து மாட்டத் தெரிந்த பிள்ளை அதற்கு முன்னால் உட்கார்ந்து சில மணி நேரத்தில் “இது எனக்கு வராது” என்று எழுந்துவிடுகிறது. அந்த முடிவு தவறானது. அந்தப் பிள்ளைக்கு வராமல் போனது மின்னணுவியல் அல்ல. ஒரு கருவியின் பழைய பழக்கவழக்கங்கள்தான் அதற்குப் பிடிபடவில்லை. இந்த எரிச்சல்கள் எங்கிருந்து வருகின்றன, எவை வேலையின் இயல்பு, எவை கருவியின் குறை, அவற்றில் எவ்வளவு திருத்தப்பட்டிருக்கிறது, பேராக்கில் கற்பிப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வேலையும் அதன் வரலாறும்

போர்டு வரைவது இரண்டு கட்ட வேலை. முதல் கட்டம் சுற்றுப்படம். எந்த உறுப்பின் எந்தக் கால் எதோடு சேர வேண்டும் என்பதைக் குறியீடுகளால் வரைவது அது. இரண்டாவது கட்டம் லேஅவுட். அதே உறுப்புகளை உண்மையான அளவில் பலகைமேல் வைத்து, கால்களுக்கு இடையே செப்புத் தடங்களை, அதாவது ட்ராக்குகளை, ஒன்றோடொன்று முட்டாமல் ஓட்டுவது. ஒரு பக்கத்தில் இடமில்லை என்றால் வயா என்கிற துளைவழியாக மறுபக்கம் இறங்கலாம். முடிந்ததும் கெர்பர் கோப்புகளாக எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும்.

கணினி வருமுன் இந்த வேலை மேசைமேல் நடந்தது. மைலார் தாளில் கறுப்பு நாடாவை ஒட்டி, இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ பெரிதாக வரைந்து, படமெடுத்துச் சுருக்குவார்கள். பெரிய நிறுவனங்களில் சுற்றுப்படம் போடுபவர் ஒருவர், நாடா ஒட்டுபவர் இன்னொருவர், உறுப்புகளின் அளவுப் பட்டியலைக் காப்பவர் மூன்றாமவர். தனிக் கணினிகள் வந்தபோது இந்த மேசைகள்தான் நிரல்களாக மாறின. 1985இல் டாஸ்மேனியாவில் நிக் மார்ட்டின் தொடங்கிய ப்ரோட்டெல் பின்னாளில் ஆல்டியம் ஆனது. ஓர்கேட் அமெரிக்காவில் அதே ஆண்டில் பிறந்தது. ஜெர்மனியின் கேட்சாஃப்ட் 1988இல் ஈகிளை வெளியிட்டது. இங்கிலாந்தின் லேப்சென்டர் ப்ரோட்டியஸைக் கொண்டுவந்தது. பிரான்சின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ஷான்-பியர் ஷாராஸ் 1992இல் கீகேட்டை எழுதத் தொடங்கினார்.

இந்தப் பிறப்புக் காலத்தை மனத்தில் வைத்தால் இன்றைய எரிச்சல்களில் பாதிக்குக் காரணம் புரியும். அன்றைய கணினியில் நினைவகம் குறைவு, திரை சிறியது, எல்லா மேசையிலும் மவுஸ் இல்லை. சுற்றுப்படம் ஒரு நிரல், லேஅவுட் வேறொரு நிரல், நடுவே நெட்லிஸ்ட் என்கிற உரைக் கோப்பு என்று பிரித்தது அன்றைக்கு நியாயமான தீர்வு. மூன்று பேர் செய்த வேலையைப் பிற்பாடு ஒரே ஆள் செய்யத் தொடங்கினார். கருவிக்குள் அந்த மூன்று மேசைகளும் அப்படியே இருந்தன.

எரிச்சல்களின் வகைகள்

முதலாவது, வினை முதலா பொருள் முதலா என்ற குழப்பம். மற்ற பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு பொருளைத் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, நகர்த்து அல்லது அழி என்று சொல்கிறோம். ஈகிளில் முறை தலைகீழ். முதலில் ‘மூவ்’ கட்டளையை எடுக்க வேண்டும், பிறகு உறுப்பைத் தொட வேண்டும். அடுத்து எதைத் தொட்டாலும் அதுவும் நகரும், ஏனென்றால் கட்டளை இன்னும் கையில் இருக்கிறது. பல உறுப்புகளைச் சேர்த்து நகர்த்த, ‘குரூப்’ எடுத்து வட்டமிட்டு, ‘மூவ்’ எடுத்து, கண்ட்ரோல் விசையோடு வலப்பொத்தானை அழுத்த வேண்டும். ஈகிளின் பழைய பதிப்புகளில் ‘கட்’ என்ற கட்டளை எதையும் வெட்டியெடுக்காது, தேர்ந்த பகுதியைப் பிரதி மட்டும் எடுக்கும். இதைக் கையேடே எச்சரிக்கையாகச் சொல்லியிருந்தது. மற்ற மென்பொருள்களில் ஆண்டுக்கணக்கில் பழகிய கை இங்கே வந்ததும் தவறு செய்கிறது. தவறு அந்தக் கையினுடையது அல்ல.

இரண்டாவது, கண்ணுக்கு ஒட்டியதாகத் தெரிந்து, உண்மையில் ஒட்டாமல் கிடக்கும் இணைப்பு. கீகேட்டின் சுற்றுப்படத்தில் உறுப்புகளின் கால்கள் எல்லாம் 1.27 மி.மீ. கட்டத்தில் அமைந்திருக்கின்றன. மாணவர் ஏதோ ஒரு வேளையில் கட்டத்தைச் சிறிதாக்கி ஒரு ரெசிஸ்டரைச் சற்றே தள்ளி வைத்துவிடுகிறார். பிறகு பழைய கட்டத்துக்குத் திரும்பிக் கம்பியை இழுக்கிறார். திரையில் கம்பி காலைத் தொடுகிறது. உண்மையில் மயிரிழை தள்ளி நிற்கிறது. காலின் முனையில் இருக்கும் சின்னஞ்சிறு வட்டம் மறையாமல் இருப்பது மட்டுமே அடையாளம். அந்த வட்டத்தின் பொருள் தெரியாதவருக்கு அது அலங்காரம். பிறகு லேஅவுட்டுக்குப் போனால் அந்தக் காலுக்கு இணைப்புக் கோடு வராது. எத்தனை முறை பார்த்தாலும் படம் சரியாகவே தெரியும். படித்தது சரி, வரைந்தது சரி, ஆனாலும் வரவில்லை என்ற நிலையில் ஒருவர் தன் அறிவைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

மூன்றாவது, லைப்ரரி. இதுதான் மிக ஆழமான சிக்கல், அதனால் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர்களை எடுத்துக்கொள்வோம்: பிசி547, 2என்3904. இரண்டும் டிஓ-92 என்ற அதே கறுப்பு அரைவட்ட உறை. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கப் பிடித்தால், பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். உருவம் ஒன்று, வரிசை நேர் எதிர். மென்பொருளில் குறியீடு வேறு, பலகைமேல் பதியும் பாதத்தடம், அதாவது ஃபுட்பிரிண்ட், வேறு. இரண்டையும் கட்டுவது 1, 2, 3 என்ற கால் எண்கள் மட்டுமே. கீகேட்டின் பொது உறுப்பு லைப்ரரியில் நெடுங்காலமாக என்பிஎன் டிரான்சிஸ்டருக்கு பிசிஇ, பிஇசி, சிபிஇ, சிஇபி, இபிசி, இசிபி என்று மூன்று கால்களின் ஆறு வரிசைகளிலும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. தெரிந்தவருக்கு அது நேர்மையான ஏற்பாடு. புதியவருக்கு அது ஆறில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடும் பந்தயம். டிஓ-92 என்றால் தவறு நேர்ந்தாலும் டிரான்சிஸ்டரைத் திருப்பிச் சொருகித் தப்பிக்கலாம், பேஸ் நடுவில் இருப்பதால். மேற்பரப்பில் ஒட்டும் சாட்-23 உறைக்கு அந்த வழியும் கிடையாது.

இதில் மென்பொருள் எங்கும் பொய் சொல்லவில்லை. சுற்றுப்படம் சரி, ட்ராக்குகள் சரி, விதிச் சோதனை பிழை இல்லை என்கிறது. சோதனை பார்ப்பது படத்துக்கும் பலகைக்கும் உள்ள பொருத்தத்தை. பலகைக்கும் கையிலிருக்கும் உறுப்புக்கும் உள்ள பொருத்தத்தை எந்த நிரலும் பார்க்கவில்லை. அந்த வேலையைப் பழைய நிறுவனத்தில் மூன்றாவது மேசைக்காரர் செய்தார். இன்று அந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதைக்கூட யாரும் மாணவருக்குச் சொல்வதில்லை.

நான்காவது, இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று மறந்துபோவது. ஈகிளில் சுற்றுப்பட ஜன்னலும் போர்டு ஜன்னலும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் திருத்தினால் இரண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு அறுந்துவிடும். பிறகு ஒவ்வொரு வேறுபாட்டையும் கையால் சரிசெய்தாக வேண்டும். எச்சரிக்கைச் செய்தி வரும், ஆனால் அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பது அந்தச் செய்தியில் இருக்காது. கீகேட்டின் பழைய பதிப்புகளில் குறியீடுகளுக்கு ஃபுட்பிரிண்ட் ஒதுக்குவது ஒரு நிரலில், நெட்லிஸ்ட் எழுதுவது இன்னொரு இடத்தில், அதைப் படிப்பது மூன்றாவது இடத்தில். ஒரு ரெசிஸ்டரை மாற்றினாலும் இந்தச் சுற்று முழுவதையும் மீண்டும் வர வேண்டும்.

ஐந்தாவது, தானாகத் தடம் ஓட்டும் ஆட்டோரவுட்டர் மீதான பொய் நம்பிக்கை. புதிர்ப்பாதையில் தடைகளைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும் முறையை சி. ஒய். லீ 1961லேயே வெளியிட்டார். அந்த மரபில் வந்த ஆட்டோரவுட்டரை மாணவர்கள் தேடுவதற்குக் காரணம், கையால் ஓட்டும் கருவி அவ்வளவு வதைக்கிறது என்பதுதான். ஆனால் உறுப்புகளை எங்கே வைப்பது, கிரவுண்ட் மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பும், மோட்டார் ஓட்டும் ட்ராக் எவ்வளவு அகலமாக வேண்டும் என்பதை யாரோ ஒருவர் சொல்லித்தர வேண்டும். விதிகளை எழுதாமல் பொத்தானை அழுத்தினால், பலகை முழுதும் வயாக்கள் நிறைந்த வலை ஒன்று கிடைக்கும். அது சில நேரம் வேலையும் செய்யும். அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

தவறு தெரியும் நேரம்

இந்த வகைகளை எல்லாம் கோத்து நிற்பது ஒரு பண்பு: தவறு நடக்கும் நேரத்துக்கும் அது தெரியவரும் நேரத்துக்கும் உள்ள தொலைவு. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி பட்டைக்குள் அளவு மீறி இறங்கி மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பாலில் ஒரு குறையும் தெரியாது. பட்டை மீண்டும் வளர்ந்து அதே இடத்தில் வெட்ட வரும்போதுதான் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். போர்டும் அப்படித்தான். ஷென்ஜெனில் உள்ள ஜேஎல்சிபிசிபி போன்ற நிறுவனங்கள் 100 × 100 மி.மீ.க்கு உட்பட்ட ஐந்து இரட்டைப் பக்கப் பலகைகளைச் சில டாலருக்குச் செய்து தருகின்றன. விலை பெரிதல்ல. அனுப்பும் செலவும், காத்திருக்கும் நாள்களும், பருவ இறுதிக்குள் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியும்தான் பெரிது. பெட்டியைத் திறந்து உறுப்பை வைத்துப் பார்த்தால் கால்கள் துளையில் இறங்காது. அந்தத் தவறு பல வாரங்களுக்கு முன் ஒரு பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தபோதே நடந்திருக்கும்.

ஆய்வகத்திலேயே ஃபெரிக் குளோரைடில் அரித்து எடுப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. டோனர் ஒட்டும் முறையில் கீழ்ப்புறச் செப்பை எடுக்கும்போது, திரையில் தெரிவதை அப்படியே அச்சிட வேண்டும், காகிதத்தைக் கவிழ்த்து அழுத்தும்போது படம் தானாகத் திரும்பிவிடும். மேல்புறச் செப்பு என்றால் மட்டுமே கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். அச்சிடும் பெட்டியில் ‘மிரர்’ என்ற ஒரு சதுரம் இருக்கும். எந்த வேலைக்கு அதைத் தொட வேண்டும் என்ற குறிப்பு பக்கத்தில் இருக்காது. தவறாகத் தொட்டால் ஐசியின் கால்கள் அத்தனையும் இடம் வலமாக மாறி, அரித்த பலகை குப்பைக்குப் போகும்.

பயன்பாட்டு ஆய்வு இதற்கெல்லாம் நெடுநாளாகவே விடை வைத்திருக்கிறது. பென் ஷ்னைடர்மன் 1983இல், பொருளைத் திரையில் நேரடியாகத் தொட்டுக் கையாளுவதும் விளைவு உடனே தெரிவதும் முக்கியம் என்று எழுதினார். யாக்கோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து நெறிகளில், அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது பயனருக்குத் தெரிய வேண்டும், பிழையைச் சொல்வதைவிடப் பிழை வராமல் தடுப்பது மேல், நினைவில் வைக்கச் செய்வதைவிடப் பார்த்ததும் அடையாளம் காணச் செய்வது மேல் என்பவை இடம்பெற்றன. மேலே சொன்ன ஐந்து எரிச்சல்களையும் இந்த மூன்று நெறிகளோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை மீறுவது தெரியும்.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

அனுபவம் மிக்க வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். இது ஓவியம் தீட்டும் செயலி அல்ல. பல அடுக்குகள், நூற்றுக்கணக்கான இணைப்புகள், தயாரிப்பாளரின் வரம்புகள், அதிவேக சிக்னல்களின் நீளக் கணக்கு எல்லாம் சேர்ந்த வேலை. கருவி சிக்கலாக இருப்பது வேலை சிக்கலாக இருப்பதால்தான். ஆல்டியத்தில் பி, டி என்று இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டினால் ட்ராக் ஓடத் தொடங்கும், கீகேட்டில் எக்ஸ் தட்டினால் ட்ராக், வி தட்டினால் வயா. இவை கைக்கு வந்தவருக்கு மெனுவைத் தேடும் கருவி எரிச்சலாக இருக்கும். எளிமை என்ற பெயரில் அந்த வேகத்தைப் பறிக்கக் கூடாது.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. குறுக்குவிசைகள் குறை அல்ல, அவை தேர்ந்தவரின் செல்வம். செப்பின் தடிமன் 35 மைக்ரான் என்றால் எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்ற கேள்வியை எந்த இடைமுகமும் நமக்காக ஒழித்துவிட முடியாது, ஒழிக்கவும் கூடாது. ஆனால் ‘கட்’ என்று எழுதியிருக்கும் கட்டளை வெட்டாமல் இருப்பதற்கும் வேலையின் சிக்கலுக்கும் என்ன தொடர்பு? ஜன்னலை மூடியதற்காகக் கோப்புகள் ஒன்றையொன்று மறப்பது மின்னணுவியலின் எந்த விதி? மின்சுற்றிலிருந்து வரும் சிரமம் மாணவரை வளர்க்கும். கருவியின் வரலாற்றிலிருந்து வரும் சிரமம் அவரைக் களைப்பாக்கி வெளியே அனுப்பும். இரண்டையும் பிரித்தறியாத ஆசிரியர், பின்னதையும் தகுதித் தேர்வாக நினைத்துவிடுவார். ஏற்கெனவே வீட்டில் கணினியும், கேட்டால் சொல்லித்தர ஓர் அண்ணனும் இருக்கும் பிள்ளைதான் அந்தத் தேர்வில் தேறும்.

திருத்தம் சாத்தியமே என்பதற்குக் கீகேட்டே சாட்சி. 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்ன் அதன் வளர்ச்சிக்கு ஆள்பலம் தந்தது. அங்கே எழுதப்பட்ட புது ரவுட்டர், ட்ராக்கை இழுக்கும்போது வழியில் இருக்கும் மற்ற ட்ராக்குகளைத் தானே தள்ளி இடம் ஏற்படுத்தித் தரும். ஓட்டும் கை மனிதருடையது, ஒதுங்கும் வேலை கருவியுடையது. ஆட்டோரவுட்டருக்கும் கைவேலைக்கும் இடையில் இதுவே நல்ல சமரசம். 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பு, சுற்றுப்படத்திலிருந்து போர்டை ஒரே கட்டளையில் புதுப்பிக்கும் வழியைத் தந்து நெட்லிஸ்ட் அலைச்சலைத் தேவையற்றதாக்கியது. 2021 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு சுற்றுப்படம், லேஅவுட் என்ற இரண்டு தொகுப்பான்களின் நடைமுறையையும் பெருமளவு ஒன்றாக்கியது. இந்தத் திருத்தங்களால் நிபுணர் எதையும் இழக்கவில்லை. குறுக்குவிசைகள் இன்னும் இருக்கின்றன, ஆறு அடுக்குப் பலகையும் போடலாம்.

உரிமம் யார் கையில்

எரிச்சல்களில் ஒன்று திரையில் தெரியாது, பல ஆண்டு கழித்துதான் தெரியும். ஈகிளின் இலவசப் பதிப்பு 80 சதுர செ.மீ. பலகை, இரண்டு அடுக்கு என்ற வரம்போடு உலகெங்கும் மாணவர்களைப் பழக்கியது. 2016இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017 ஜனவரியில் ஒருமுறை வாங்கினால் போதும் என்ற உரிமம் போய்ச் சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7ஆம் தேதியோடு ஈகிளை நிறுத்துவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டு பழகிய விரல்களும் சேர்த்து வைத்த லைப்ரரியும் ஒரு நிறுவனத்தின் முடிவால் மதிப்பிழந்தன. ஆறாம் பதிப்பிலிருந்து ஈகிள் கோப்புகள் எக்ஸ்எம்எல் உரை வடிவில் இருந்ததால் மட்டுமே, கீகேட்டின் ஐந்தாம் பதிப்பு அவற்றைத் திறந்து காப்பாற்ற முடிந்தது.

மற்ற வழிகளுக்கும் விலை உண்டு. ஆல்டியம் தொழில்துறையில் மதிப்புள்ளது, ஆனால் தனியாள் வாங்கும் விலையில் இல்லை. 2024இல் அது ஜப்பானின் ரெனேசாஸ் கைக்குப் போனது. ப்ரோட்டியஸ் மைக்ரோகண்ட்ரோலரைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்க உதவுவதால் கல்லூரிகளில் விரும்பப்படுகிறது. ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் உரிமம் கூட வராது. ஈஸிஈடிஏ உலாவியிலேயே ஓடும், தயாரிப்பாளரின் உறுப்புப் பட்டியலோடு சேர்ந்திருப்பதால் லைப்ரரிச் சிக்கல் குறையும், ஆனால் இணையம் திணறும் இடத்தில் வேலையும் திணறும், கையும் ஒரே கடையோடு கட்டுண்டுவிடும். போட்ஸ்டாமில் பிறந்த ஃப்ரிட்சிங், பிரெட்போர்டில் சொருகியதை அப்படியே படமாகக் காட்டித் தொடக்கத்தை இனிமையாக்குகிறது, பெரிய பலகைக்கு அது போதாது. படிப்பு முடிந்த மறுநாளும் மாணவரின் சொந்த மடிக்கணினியில் காசில்லாமல் ஓடுவது, வரம்பில்லாதது, கோப்பைத் திறந்து படிக்கக் கூடியது என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் முழுக் கருவிகளில் முன்னணியில் இருப்பது கீகேட்.

பேராக்கில் இதன் பொருள்

நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இல் ஈப்போவில் தொடங்கியது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தொழிற்பயிற்சிக் கழகங்களும் வட்டாரந்தோறும் உண்டு. கட்டடத்துக்குக் குறைவில்லை. இடைநிலைப் பள்ளியின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மின்னணு வடிவமைப்பின் அடிப்படையும் வருகிறது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் அறிவியல் படித்த பிள்ளை, இடைநிலையில் அதையே மலாயில் படிக்கிறது, பாலிடெக்னிக்கில் மென்பொருளைத் திறந்ததும் எச்சரிக்கைச் செய்திகளை ஆங்கிலத்தில் சந்திக்கிறது. மொழி மாற்றம் மட்டும் என்றால் சமாளித்துவிடும், மூன்று மொழிகளில் வாழப் பழகிய பிள்ளைதான் அது. ஆனால் நெரிசலான திரை, புரியாத நிலைமாற்றம், காலம் தாழ்ந்து தெரியும் தவறு ஆகியவற்றோடு மொழியும் சேரும்போது, எது தனக்குப் புரியவில்லை என்று பிரித்துச் சொல்லக்கூட முடியாமல் போகிறது. வகுப்பில் கை தூக்கிக் கேட்க, கேள்வி என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

இதன் மறுபக்கமாக, பேராக்குக்கு ஒரு பலமும் உண்டு. உறையிடும் ஆலைகளில் சில்லுகளைச் சோதிக்க லோடு போர்டுகளும் பர்ன்-இன் போர்டுகளும் வேண்டும். அவற்றைத் தினமும் மாட்டுவதும், சோக்கெட் மாற்றுவதும், பழுது பார்ப்பதும் டெக்னீசியன்களின் வேலை. நல்ல பலகை எப்படி இருக்கும், எந்த இடத்தில் பேடு பெயர்ந்து வரும், எங்கே சோல்டர் வெடிக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். லேஅவுட் மென்பொருளால் சொல்லித்தர முடியாத பாதியை அவர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். கருவியின் முன்னால் அவர்கள் தோற்றால், இழப்பு அவர்களுடையது மட்டுமல்ல.

தமிழில் கற்கவும் வழி பிறந்திருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குறும்பாடங்களை வெளியிட்டு வருகிறது, கீகேட் அதன் பாடத்தொடர்களில் ஒன்று. அதே ஐஐடியின் ஃபாஸ்ஸீ குழு, கீகேட்டையும், சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸையும் இணைத்து ஈசிம் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. கடல் கடந்த இந்த உழைப்பை நம் வகுப்பறைகள் எடுத்தாளத் தடையேதும் இல்லை.

செய்யக்கூடியவை

இந்த ஆய்விலிருந்து சில நடைமுறை முடிவுகள் தெளிவாகவே எழுகின்றன.

முதல் வாரத்திலேயே ஒரு சிறு பலகையை முழுவதும் முடிக்க வைக்க வேண்டும். 555 டைமரில் எல்இடி மினுக்கும் சுற்று போதும். மெனுக்களை வரிசையாக விளக்கிவிட்டுப் பிறகு வரையச் சொல்வது தலைகீழ். தொடக்கம் முதல் பற்றவைப்பு வரை ஒருமுறை போய்வந்தவருக்கே ஒவ்வொரு மெனுவும் எதற்கு என்று விளங்கும்.

தவறு தெரியும் நேரத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும். லேஅவுட்டை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, உறுப்புகளின் கால்களை அதன்மேல் குத்தி நிறுத்திப் பார்ப்பது காசில்லாத சோதனை. டிரான்சிஸ்டரின் கால் வரிசையைத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டு அதே காகிதத்தில் எழுத வேண்டும். இந்தக் காகிதம் இல்லாமல் கெர்பர் அனுப்பக் கூடாது என்று துறை விதியே வைக்கலாம்.

காலியான மூன்றாவது நாற்காலியில் ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும், தான் பற்றவைத்து ஓட்டிப் பார்த்த உறுப்புகளை மட்டும் கொண்ட பொது லைப்ரரி ஒன்றை வைத்து, ஆண்டுதோறும் அடுத்த மாணவருக்குக் கொடுக்கலாம். அதைக் காக்கும் பொறுப்பை அனுபவமுள்ள ஒரு தொழிற்சாலை டெக்னீசியனிடம் பகுதிநேரமாக ஒப்படைத்தால் இரு தரப்புக்கும் நன்மை.

அடிக்கடி வரும் எச்சரிக்கைச் செய்திகளை, அவற்றின் பொருளும் தீர்வும் சேர்த்து, தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் ஒட்ட வேண்டும். ட்ராக், பேடு, வயா என்று ஆலையில் பேசும் சொற்களே அதில் இருக்கட்டும்.

கடைசியாக, எரிச்சலை எழுதி அனுப்பப் பழக்க வேண்டும். கீகேட்டின் குறைப் பதிவேடு கிட்லேபில் யாரும் எழுதும்படி திறந்திருக்கிறது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று பத்தியில் எழுதும் மாணவர், அந்தக் கணமே பயனர் என்ற நிலையிலிருந்து பொறியாளர் என்ற நிலைக்கு ஓரடி வைக்கிறார். மேலே சொன்ன திருத்தங்களில் பல, இப்படி முறையிட்டவர்களாலும் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்களாலும் நடந்தவையே.

60,000 பொறியாளர் என்ற இலக்கு எட்டப்படலாம். அதில் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பீடோரிலிருந்தும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை, பெரிய திட்ட அறிக்கைகளைவிட, அவர்கள் தங்கள் முதல் போர்டை முடித்தார்களா பாதியில் விட்டார்களா என்பதே அதிகம் தீர்மானிக்கும். மேலே சொன்ன எதற்கும் மானியம் வர வேண்டியதில்லை, சட்டம் மாற வேண்டியதில்லை. ஒரு விரிவுரையாளரும் ஒரு டெக்னீசியனும் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம், தொடங்க வேண்டும்.